படிக்கிற பெண் எப்படி இருப்பாள்?

(நமது கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில், வாசிப்பு வட்ட உறுப்பினர்களின் கலந்துரையாடல் முடிந்த பின் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று பேசிப் பேசியே நம் கூட்டங்கள் முடிந்துவிடும். இன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக ஒரு மணி நேரம் புத்தகத்தைப் பற்றிப் பேசினோம். "நீங்க என்ன படிப்பீங்க, எப்படிப் படிப்பீங்க?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம். எவ்வளவு பதில்கள் வந்தன பார்த்தீர்களா!

"தொடர்கதைப் புத்தகம்னா கடைசிப் பக்கத்தை முதல்ல பார்த்துடுவேன். யாரு பிழைக்கிறா, யாரு போறான்னு தெரிஞ்சாத்தான் நிம்மதியாப் படிக்க முடியும்" என்றார் ஒரு அக்கா. உடனே பக்கத்தில் இருந்தவர், "அதான் பேங்க்ல பணம் வர்றதுக்குள்ள எனக்குப் பத்து தடவை போன் பண்றே" என்று சொல்ல, ஒரே சிரிப்பு.

இன்னொரு அக்கா, "மளிகைக் கடைப் பொட்டலத்தைப் பிரிச்சா, அந்தப் பேப்பரைப் படிச்சிட்டுத்தான் அடுப்புல போடுவேன். பாதியில கிழிஞ்சிருந்தா மிச்சக் கதையை நானே சேர்த்துக்குவேன்" என்றார். ஒரு தங்கைக்கு ராஜேஷ்குமார் எழுதிய துப்பறியும் நாவல் என்றால் சோறு வேண்டாம். இன்னொருவர் ரமணிசந்திரன் நாவல்களை ஒன்று விடாமல் படித்தவர். "எனக்கு எழுத்து தெரியாதும்மா. பேத்தி படிப்பா, நான் கேட்பேன். நடுவுல நிறுத்திக் கேள்வி கேட்பேன், அவளுக்குக் கோபம் வரும்" என்றார் ஒரு பாட்டி.

கடைசியாக ஒரு தங்கை மெதுவாகச் சொன்னார்: "நான் படிக்கிறதில்ல மேடம். படிக்கிற பொம்பளை குடும்பத்துக்கு ஆகமாட்டான்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. பலர் தலையாட்டியதைப் பார்த்தோம். அதனால் தயாரித்து வந்த குறிப்புகளை ஓரமாக வைத்துவிட்டு, இந்தப் பேச்சைப் பற்றியே பேசலாம் என்று நினைக்கிறோம். படிக்கிற பெண் எப்படிப்பட்டவள்? படிப்பு ஒருத்தியின் குணத்தை மாற்றுமா? மாற்றினால் எப்படி மாற்றும்?

வாசிப்புக்குத் தனி ரகம் இல்லை

ஊரில் 'படிக்கிறவள்' என்று சொன்னால் இரண்டு உருவம்தான் மனதில் வரும். ஒன்று, எதிர்த்துப் பேசுகிறவள். இன்னொன்று, அடுப்பில் பால் பொங்கினாலும் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கும் சோம்பேறி. ஆனால் இன்றைக்கு இந்த அறையில் பேசியவர்களைப் பாருங்கள். அவசரக்காரர் இருக்கிறார். நிதானக்காரர் இருக்கிறார். நாலு பேர் முன்னால் வாயே திறக்காதவர் இருக்கிறார். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து நடவுக்குப் போகிறவரும் இருக்கிறார். இத்தனை பேரும் படிக்கிறவர்கள்தான். படிப்பதால் எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிடவில்லை. அவரவர் சுபாவத்துக்கு ஏற்ற மாதிரி படிக்கிறார்கள்.

கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பது தப்பு இல்லை. பொட்டலக் காகிதம் படிப்பதும் படிப்புதான். காதால் கேட்பதும் படிப்புதான். நம் பாட்டி காலத்தில் பாரதம், ராமாயணம் எல்லாம் ஒருவர் படிக்க ஊரே கேட்டதுதானே? பேத்தியை நிறுத்திக் கேள்வி கேட்கிற அந்தப் பாட்டிதான் இந்த அறையிலேயே நல்ல வாசகி என்று நாங்கள் சொல்வோம்.

நம்ம சீர்காழியில் 1892ல் பிறந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். இந்திய நூலகத் துறைக்கே தந்தை என்று சொல்லப்படுபவர். அவர் பிறந்த நாளான ஆகஸ்ட் 12ஐத்தான் நாடு முழுவதும் நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம். நூலகத்துக்கு என்று ஐந்து விதிகள் வகுத்தார். 1931ல் அது புத்தகமாக வந்தது. அந்த ஐந்தில் இரண்டை மட்டும் நம் மொழியில் சொல்கிறோம். படிக்க வருகிற ஒவ்வொருவருக்கும் ஏற்ற புத்தகம் ஒன்று இருக்க வேண்டும். அதே போல ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கு உரிய வாசகர் ஒருவர் இருப்பார். பெண் பார்த்து மாப்பிள்ளை சேர்ப்பது போலத்தான் இதுவும். ஒரு புத்தகம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் உங்களுக்குப் படிப்பு வராது என்று அர்த்தம் இல்லை. அது உங்களுக்கான புத்தகம் இல்லை, அவ்வளவுதான். அடுத்ததை எடுங்கள்.

அதே 1931ல் நம் மன்னார்குடிப் பக்கம் ஒரு வேலை நடந்தது. கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். ரங்கநாதன் அதற்குத் துணை நின்றார். ரோடு இல்லாத காலம், பஸ் இல்லாத காலம். அப்போதே 'கிராமத்து ஆட்களுக்கு எதற்குப் புத்தகம்' என்று அவர்கள் நினைக்கவில்லை. இன்றைக்கு நாமே ஏன் அப்படி நினைக்க வேண்டும்?

சமையலறையில் ஒளித்து வைத்த ஏடு

'படிக்கிற பெண் குடும்பத்துக்கு ஆகமாட்டாள்' என்ற பேச்சு நம் ஊரில் மட்டும் இருப்பதில்லை, நேற்று முளைத்ததும் இல்லை. வங்காளத்தில் சுமார் இருநூறு வருடம் முன்பு பெண் படித்தால் புருஷன் செத்துப்போவான் என்றே நம்பினார்கள். அந்தக் காலத்தில் வாழ்ந்தவர் ராஸசுந்தரி தேவி. பன்னிரண்டு வயதில் கல்யாணம். பன்னிரண்டு பிள்ளைகள் பெற்றவர். பெரிய குடும்பத்துக்குச் சமைத்து, கவனித்து, சாப்பிடக்கூட நேரம் கிடைக்காத வாழ்க்கை.

அவருக்குப் படிக்க ஆசை. ஆனால் பயந்த சுபாவம். யாரிடமும் வாய் திறந்து கேட்க முடியாது. என்ன செய்தார் தெரியுமா? வீட்டில் இருந்த சைதன்ய பாகவத ஏட்டிலிருந்து ஒரே ஒரு பக்கத்தை எடுத்துச் சமையலறையில் ஒளித்து வைத்தார். மகன் எழுதிப் பழகிய பனை ஓலை ஒன்றையும் எடுத்து வைத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'இந்த எழுத்தும் அந்த எழுத்தும் ஒன்றா' என்று பார்த்துப் பார்த்து, தானாகவே படிக்கக் கற்றுக்கொண்டார். யாராவது வந்தால் மறைத்துவிடுவார். அடுப்பு வேலை நிற்கவில்லை, பிள்ளை வளர்ப்பும் நிற்கவில்லை. பின்னாளில் அவர் தன் வாழ்க்கைக் கதையைத் தானே எழுதினார். வங்க மொழியில் வந்த முதல் சுயசரிதை என்று அதைச் சொல்கிறார்கள். ஒரு குடும்பப் பெண், அடுப்படியில் ஒளிந்து படித்தவர், ஒரு மொழிக்கே முதல் சுயசரிதையைக் கொடுத்தார்!

'அது பழைய காலம், வசதியான குடும்பம்' என்று நீங்கள் சொல்லலாம். நம் காலத்துக்கே வருவோம். பேபி ஹல்தர் வீட்டு வேலை செய்த பெண். சின்ன வயதில் கல்யாணம், அடி உதை, மூன்று குழந்தைகளோடு வீட்டை விட்டு வெளியேறி டெல்லிப் பக்கம் வந்து பிழைத்தவர். வேலை செய்த ஒரு வீட்டில், புத்தக அலமாரியைத் தூசி தட்டும்போது கை அப்படியே நின்றுவிடும். அந்த வீட்டுப் பெரியவர் பிரபோத் குமார் ஓய்வு பெற்ற பேராசிரியர். அதைக் கவனித்து, திட்டாமல், படிக்கப் புத்தகம் கொடுத்தார். பிறகு ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து, 'உன் கதையை எழுது' என்றார். வேலை முடிந்த பிறகு, பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுதினார். அது 2002ல் புத்தகமாக வந்து, பல மொழிகளுக்குப் போனது.

இந்த இருவரில் யாரும் குடும்பத்துக்கு ஆகாதவர் இல்லை. ஒருவர் பயந்தவர், ஒருவர் அடிபட்டவர். இரண்டு பேரும் 'எனக்கு நடப்பதை நானே சொல்ல முடியும்' என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். படிப்பு அவர்கள் சுபாவத்தை அழித்து வேறு ஆளாக ஆக்கிவிடவில்லை. உள்ளே இருந்த ஆளுக்கு வாய் கொடுத்தது.

படித்தால் குணம் மாறுமா?

இதை ஆராய்ச்சி செய்தும் பார்த்திருக்கிறார்கள். 2013ல் அமெரிக்காவில் இரண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை வைத்தார்கள். சிலருக்கு நல்ல இலக்கியக் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு மனிதர்களின் கண்களை மட்டும் படம் எடுத்துக் காட்டி, 'இவர் கோபமாக இருக்கிறாரா, பயந்திருக்கிறாரா, கவலையாக இருக்கிறாரா' என்று கேட்டார்கள். கண்ணைப் பார்த்து மனதைச் சொல்கிற சோதனை. கதை படித்தவர்கள் கொஞ்சம் நன்றாகச் சொன்னார்கள் என்று முடிவு வந்தது. உலகம் முழுவதும் பத்திரிகைகளில் பெரிதாகப் போட்டார்கள்.

ஆனால் 2016ல் வேறு ஆராய்ச்சியாளர்கள் நிறையப் பேரை வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது, அந்த முடிவு கிடைக்கவில்லை. ஒரு கதையைப் படித்த உடனே யாருக்கும் அடுத்தவர் மனம் புரிந்துவிடவில்லை. அதே சோதனையில் இன்னொன்று தெரிந்தது. பல வருடமாகப் படித்து வந்தவர்கள் கண்ணைப் பார்த்து மனதைச் சொல்வதில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். படித்ததால் அப்படி ஆனார்களா, அடுத்தவர் மனதை அறிய ஆசைப்படுகிறவர்கள்தான் அதிகம் படிக்கிறார்களா என்பதை இந்தச் சோதனையை வைத்துச் சொல்லிவிட முடியாது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம்.

நமக்கு இது புதுசு இல்லை. ஒரு தடவை ஐம்பது ரூபாய் போட்டால் சேமிப்பு ஆகிவிடுமா? வாரா வாரம் போட்டு, நாலு வருடம் கழித்துப் பாஸ் புத்தகத்தைத் திறந்தால்தான் தெரியும். படிப்பும் அப்படித்தான். ஒரு புத்தகம் படித்துவிட்டு 'எனக்கு ஒன்றும் மாறலையே' என்று விட்டுவிடாதீர்கள்.

களத்தில் நாங்கள் பார்த்ததைச் சொல்கிறோம். தொடர்ந்து படிக்கிற பெண்களிடம் ஒன்று கூடி வருகிறது. அதற்குப் பெயர் நிதானம். ஒரு சொல்லைக் கேட்ட உடனே 'சரி' என்றோ 'மாட்டேன்' என்றோ சொல்லாமல், 'இருங்க, அது என்னன்னு பார்ப்போம்' என்று நிற்கிற குணம். கோபக்காரி கோபக்காரியாகவே இருக்கலாம். கூச்சக்காரி கூச்சக்காரியாகவே இருக்கலாம். ஆனால் இருவருக்கும் அந்த ஒரு நிமிட நிதானம் வந்துவிடுகிறது.

அந்த ஒரு நிமிடத்தின் விலை

அந்த நிமிடத்துக்கு என்ன விலை என்று கேட்டால், கணக்கோடு சொல்கிறோம்.

நம் பகுதியில் ஒரு தனியார் கடன் நிறுவனத்தின் ஆட்கள் ஒரு குழுவுக்கு வந்தார்கள். ஆளுக்கு 20,000 ரூபாய், 12 மாதத் தவணை. "வட்டி 12 சதவீதம்தான், பேங்க் வட்டிதான்" என்றார்கள். பத்துப் பேர் பேனாவைத் திறந்துவிட்டார்கள். துப்பறியும் நாவல் படிக்கிற நம் தங்கை மட்டும், "அண்ணே, பேப்பரைக் கொடுங்க, ஒருக்கா படிச்சிட்டுத் தர்றேன்" என்றார். "எல்லாருக்கும் ஒரே பேப்பர்தாம்மா, நேரமாகுது" என்றார்கள். அவர் விடவில்லை. "கதையில யாரு அவசரப்படுத்துறானோ அவன் மேலதான் எனக்குச் சந்தேகம் வரும்" என்று பிறகு எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

படித்தபோது என்ன தெரிந்தது? வட்டி 12 சதவீதம்தான். ஆனால் கட்டக் கட்டக் குறைகிற நிலுவைக்கு வட்டி இல்லை. முதலில் வாங்கிய முழு 20,000 ரூபாய்க்கும் கடைசி மாதம் வரை வட்டி. அப்படியானால் வருடத்துக்கு வட்டி மட்டும் 2,400 ரூபாய். குறையும் நிலுவைக்கு அதே 12 சதவீதம் போட்டால், மாதம் சுமார் 1,777 ரூபாய் தவணை கட்டி, மொத்த வட்டி சுமார் 1,324 ரூபாய்தான் வரும். ஒரு ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல் வித்தியாசம். பத்துப் பேருக்குப் பத்தாயிரத்துக்கு மேல்! இது போதாதென்று, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்றும் அதே தாளில் இருந்தது. அன்றைக்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை. கூட்டமைப்பில் வந்து கேட்டார்கள். பிறகு வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்தார்கள்.

கடன் வாங்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. தெரிந்து வாங்க வேண்டும் என்கிறோம். 2022ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, சிறு கடன் தருபவர்கள் வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் எழுதிய விவரத் தாளும் கடன் அட்டையும் தர வேண்டும். அதுவும் கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும். ஆனால் தமிழில் கொடுத்தாலும் நாம் படிக்கவில்லை என்றால் அந்த விதியால் யாருக்கு என்ன லாபம்?

இங்கே ஒன்றை வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். நம் குழுக்கள் வந்த பிறகு கைநாட்டு குறைந்தது. எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம். அது பெரிய வெற்றி. ஆனால் பெயரை எழுதத் தெரிவது வேறு, எதன் கீழே எழுதுகிறோம் என்று தெரிவது வேறு. படிக்காமல் போடுகிற கையெழுத்து, மை மாறிய கைநாட்டுதான். தீர்மான நோட்டிலும் அப்படித்தான். ஊக்குநர் எழுதுவார், மற்றவர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு மாட்டை அவிழ்க்க ஓடுவோம். ஊக்குநர் மேல் சந்தேகப்படச் சொல்லவில்லை. படித்துப் போட்டால் ஊக்குநருக்கும் பாதுகாப்பு, நமக்கும் பாதுகாப்பு.

சேர்ந்து படித்தவர்கள்

தனியாகப் படித்தால் ஒருத்திக்கு நிதானம் வரும். சேர்ந்து படித்தால் ஊருக்கே தைரியம் வரும்.

ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்தில் துபகுண்டா என்று ஒரு கிராமம். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி வகுப்பு நடந்தது. நம்மைப் போன்ற கூலிப் பெண்கள் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். பாடப் புத்தகத்தில் ஒரு கதை. ஒரு ஊரில் பெண்கள் ஒன்று சேர்ந்து சாராயக் கடையை மூட வைத்த கதை. படித்து முடித்ததும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். 'இது நம்ம ஊர்க் கதை மாதிரியே இருக்கே, நாமளும் செய்தால் என்ன?' என்ற பேச்சு கிளம்பியது. சாராயக் கடையை மூட வைத்தார்கள். அது பக்கத்து ஊர், அடுத்த மாவட்டம் என்று பரவி, 1993ல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்யும் அளவுக்குப் போனது. 1995ல் முழு மதுவிலக்கே வந்தது. 1997ல் அதைத் தளர்த்திவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு பாடம் ஒரு மாநிலத்தையே அசைத்ததே!

அதே காலத்தில் நம் புதுக்கோட்டை மாவட்டத்திலும் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். குவாரியில் கல் உடைத்த பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானவர்கள் சைக்கிள் ஓட்டினார்கள். முதலில் ஊர் கேலி பேசியது. பிறகு அதே ஊர், தண்ணீர் கொண்டுவர, சந்தைக்குப் போக அவர்களையே சைக்கிளில் அனுப்பியது. 'குடும்பத்துக்கு ஆகமாட்டாள்' என்ற பேச்சு எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

இனி நாம் செய்ய வேண்டியது

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். நம்மால் முடிந்ததை மட்டும் சொல்கிறோம்.

1. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் 'நூலக வரி' என்று ஒரு வரி இருக்கும். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலகத்துக்கு என்று நாம் கட்டுகிறோம். 1948ல் வந்த நூலகச் சட்டப்படி வசூலாகும் வரி இது. ஆகவே நூலகத்துக்குள் நுழைவது யாரிடமும் தர்மம் கேட்பது இல்லை. நாம் கட்டிய காசுக்கு நாம் கேட்கிற சேவை. ஊரில் ஊர்ப்புற நூலகம் இருந்தால் போய் உறுப்பினராகச் சேருங்கள். 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் பல ஊராட்சிகளில் நூலகக் கட்டிடம் கட்டினார்கள். உங்கள் ஊரில் அது பூட்டிக் கிடந்தால், கிராம சபையில் கேளுங்கள். மனுவைக் குழுத் தீர்மானமாகவே போடலாம்.

2. குழுக் கூட்டம் தொடங்கும் முன் கால் மணி நேரம் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். கதையோ செய்தியோ எதுவானாலும் சரி. வாரம் ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். திக்கித் திக்கிப் படித்தாலும் யாரும் சிரிக்கக் கூடாது. அதை விதியாகவே எழுதி வையுங்கள்.

3. படிக்கத் தெரியாத அக்காமார், பாட்டிமார்தான் கேள்வி கேட்க வேண்டும். கேள்வி கேட்பது அவர்கள் பொறுப்பு. கேள்வி இல்லாமல் கேட்டால் அது ரேடியோவில் போகிற விளம்பரம் மாதிரி காற்றில் போய்விடும்.

4. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடும் முன் ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும். தீர்மான நோட்டு, கடன் படிவம், காப்பீட்டுப் படிவம் எதுவாக இருந்தாலும் சரி. 'நேரமாகுது' என்று சொல்கிறவரை உட்கார வைத்து டீ கொடுங்கள். படித்து முடிக்கும் வரை அவர் காத்திருக்கட்டும்.

5. வீட்டில் மருமகளோ மகளோ புத்தகத்தோடு உட்கார்ந்தால் 'வேலையைப் பாரு' என்று சொல்லும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். நாளைக்கு நம் பேரில் வருகிற தாளைப் படித்துச் சொல்லப்போவது அவள்தான்.

கடைசியாக, வீட்டில் அப்படிச் சொல்வார்கள் என்ற நம் தங்கைக்கு ஒரு வார்த்தை. வீட்டில் சண்டை போட்டுப் படிக்க வேண்டாம். மின் கட்டண ரசீதிலிருந்து ஆரம்பியுங்கள். பிள்ளையின் பாடப் புத்தகத்தை அவனோடு உட்கார்ந்து படியுங்கள். ரேஷன் கடைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பதைப் படித்து மாமியாரிடம் சொல்லுங்கள். "நம்ம மருமக பார்த்துச் சொல்லுவா" என்று அவர்கள் அக்கம்பக்கத்தில் சொல்கிற நாள் வரும்.

நாம் எல்லோரும் ஒரே மாதிரி ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிறவர் அப்படியே பார்க்கட்டும். சந்தேகப்படுகிறவர் சந்தேகப்படட்டும். கூச்சப்படுகிறவர் மெதுவாகவே படிக்கட்டும். அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு புத்தகமோ, ஒரு கதையோ, ஒரு காகிதமோ கொண்டு வாருங்கள். படித்தது என்ன, அதில் கேட்கத் தோன்றிய கேள்வி என்ன என்று சொல்லுங்கள். நாங்களும் கொண்டு வருகிறோம்.

படிப்போம், கேட்போம், பிறகு கையெழுத்துப் போடுவோம்.